சுவிந்தர் விக்கியை எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

சுவிந்தர் விக்கி என்று பெயரைச் சொன்னால் பெரும்பாலானவர்களுக்கு முகம் நினைவுக்கு வருவதில்லை. "கோஹ்ரா தொடரில் வருவாரே, அந்தச் சர்தார் போலீஸ்காரர்" என்று சொன்னால்தான் "அட, அவரா!" என்கிறார்கள். அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: வேறு என்ன படம் பண்ணியிருக்கிறார், எதை முதலில் பார்க்கலாம்? கடந்த ஒரு வருடத்தில் இந்தக் கேள்விக்கு நான் ஆளுக்கொரு பதில் சொல்லியிருக்கிறேன். அதில் சிலருக்குச் சொன்னது தப்பாகப் போய்விட்டது, பாதியில் நிறுத்திவிட்டார்கள். அதனால் உட்கார்ந்து நிதானமாக யோசித்து, அவருடைய முக்கியமான நான்கு வேலைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிடலாம் என்று தோன்றியது.

அதற்கு முன்னால், இவ்வளவு நல்ல நடிகர் ஏன் இவ்வளவு நாள் வெளியே தெரியாமல் இருந்தார் என்பதைப் பேச வேண்டும். பஞ்சாபி சினிமாவில் நாயகனாவதற்கு ஒரு வழக்கமான பாதை இருக்கிறது. முதலில் பாடகராக வேண்டும். தில்ஜித் தோசாஞ்ச், கிப்பி கரேவால், அம்மி விர்க், அம்ரிந்தர் கில் என்று யாரை எடுத்தாலும் பாட்டில் பெயர் வாங்கி, அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு தியேட்டருக்கு வந்தவர்கள். அவர்களில் நல்ல நடிகர்கள் இருக்கிறார்கள், அதை மறுக்கவில்லை. ஆனால் பாடத் தெரியாத, மேடை நாடகத்திலிருந்து வந்த ஒருவருக்கு அந்த அமைப்பில் கிடைப்பது நாயகனின் அண்ணன், ஊர்ப் பெரியவர், வில்லனுக்குப் பின்னால் நிற்கும் ஆள் போன்ற வேடங்கள்தான். சுவிந்தர் விக்கி ஹரியானாவின் சிர்சாவைச் சேர்ந்தவர், நாடகம் பயின்றவர், பாடகர் இல்லை. சில இடங்களில் பெயர் சுவிந்தர் பால் விக்கி என்றும் இருக்கும், தேடும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சின்னச் சின்ன வேடங்களில் வருடக்கணக்காக இருந்தவரை நாம் கவனிக்க ஆரம்பித்ததற்குக் காரணம், பஞ்சாபின் வழக்கமான கல்யாணக் கலாட்டாப் படங்களுக்கு வெளியே வேலை செய்த சில இயக்குநர்கள்.

நான் ஒப்பிடப் போகும் நான்கும் இவை: 'சௌத்தி கூட்' (2015), 'மீல் பத்தர்' (2020), 'கேட்' (CAT, 2022), 'கோஹ்ரா' (2023). முதல் இரண்டும் படங்கள், அடுத்த இரண்டும் நெட்பிளிக்ஸ் தொடர்கள். சௌத்தி கூட் முழுக்கப் பஞ்சாபி. மற்றவை பஞ்சாபியும் இந்தியும் கலந்தவை. கோஹ்ராவில் பஞ்சாபிதான் தூக்கலாக இருக்கும். அந்த ஊரில் ஆட்கள் எப்படிப் பேசுவார்களோ அப்படித்தான் பேசுகிறார்கள் என்பதால் அதைக் கலப்படம் என்று நான் சொல்ல மாட்டேன்.

சௌத்தி கூட்டில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் இதைத்தான் நான் முதலில் தப்பாகப் பரிந்துரைத்தேன். குர்விந்தர் சிங் இயக்கியது. வரியாம் சிங் சந்து எழுதிய இரண்டு சிறுகதைகளை ஒன்றாக இணைத்து எடுத்த படம், அந்தக் கதைகள் வந்த தொகுப்புக்குச் சாகித்திய அகாதமி விருதும் கிடைத்திருக்கிறது. தலைப்புக்கு 'நான்காம் திசை' என்று பொருள். 2015இல் கேன்ஸ் விழாவில் அன் செர்டன் ரிகார்ட் பிரிவில் திரையிடப்பட்டது. அந்த வருடத்துத் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக 'விசாரணை' வந்தபோது, சிறந்த பஞ்சாபிப் படமாக வந்தது இதுதான். இரண்டையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், இரண்டிலும் சாதாரண ஆட்கள் அதிகாரத்தின் கையில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள். ஆனால் விசாரணையில் அடி விழுகிற சத்தம் கேட்கும். சௌத்தி கூட்டில் அடி விழுமோ விழுமோ என்ற பயம் மட்டும் படம் பூராவும் கூடவே வரும்.

1984இல் பொற்கோயிலில் ராணுவம் நுழைந்ததற்குப் பிறகான, காலிஸ்தான் தீவிரவாதக் காலத்துப் பஞ்சாப். இரவில் துப்பாக்கியோடு தீவிரவாதிகள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள், பகலில் துப்பாக்கியோடு பாதுகாப்புப் படையினர் வருவார்கள். நடுவில் இருக்கும் விவசாயி இரண்டு பேருக்கும் பதில் சொல்ல வேண்டும். சுவிந்தர் விக்கி நடிக்கும் ஜோகிந்தர் அப்படி ஒரு விவசாயி, ஊரை விட்டுத் தள்ளி வயலுக்கு நடுவே வீடு. வீட்டில் டாமி என்று ஒரு நாய். ராத்திரியில் யார் நடந்து போனாலும் குரைக்கிறது, அதனால் எங்கள் நடமாட்டம் வெளியே தெரிகிறது, நாயைக் கொன்றுவிடு என்று தீவிரவாதிகள் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவ்வளவுதான் கதை. வீட்டைக் காப்பாற்றுவதுதான் நாயின் வேலை, அதைச் சரியாகச் செய்கிறது என்பதற்காகவே அதைக் கொல்ல வேண்டிய நிலைமை. அந்தக் காலத்தில் பஞ்சாப் கிராமங்களில் நாய்களைக் கொல்லச் சொல்லி உத்தரவுகள் வந்தது நிஜமாகவே நடந்தது, அதனால் இதை வெறும் உருவகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இதில் சுவிந்தர் விக்கி செய்வது மிகக் கொஞ்சம். குர்விந்தர் சிங் நடிகர்களை நடிக்க விடுகிற இயக்குநர் இல்லை. அவர் படத்தில் காற்றும் மழை வரப்போகும் வானமும் வயலும் எவ்வளவு முக்கியமோ, அவ்வளவுதான் மனித முகமும் முக்கியம். ஒளிப்பதிவாளர் சத்யா ராய் நாக்பாலின் கேமரா ஆட்களைப் பல நேரம் தூரத்திலிருந்தே பார்க்கும். அப்படிப்பட்ட படத்தில் ஒரு நடிகர் தெரிய வேண்டுமென்றால் உடம்பு பேச வேண்டும். ஜோகிந்தரின் நடையைப் பாருங்கள். சொந்த முற்றத்தில் நடக்கும்போதுகூட யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல நடக்கிறார். நல்ல உயரமான, கட்டுமஸ்தான உடம்பு, ஆனால் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். குடும்பத்துக்கு முன்னால் அதிகாரம் உள்ளவர்கள் அவரை மரியாதைக் குறைவாக நடத்தும்போது அவர் முகத்தில் கோபம் வருவதில்லை. கோபப்படக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுதான் முகத்தில் தெரிகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனை நடிகர்களால் காட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை.

சரி, இவ்வளவு புகழ்ந்துவிட்டு ஏன் இது தப்பான பரிந்துரை என்கிறேன்? ஏனென்றால் படம் சுற்றி வளைத்துப் போகிறது. முதலில் ஃபிரோஸ்பூரிலிருந்து அமிர்தசரஸ் போக வேண்டிய இரண்டு இந்து நண்பர்கள், கிளம்பும் ரயிலில் கார்டு பெட்டியில் அடம்பிடித்து ஏறுகிறார்கள். அங்கிருந்து பழைய ஞாபகமாக ஒரு இரவு, வழி தவறிய ஒரு குடும்பம், அந்தக் குடும்பம் போய் நிற்கும் வீட்டில்தான் ஜோகிந்தர் வருகிறார். சுவிந்தர் விக்கிக்காகப் பார்க்க உட்கார்ந்தவர் "எங்கே அவர்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். என் நண்பர் ஒருவர் இருபதாவது நிமிடத்தில் எழுந்து போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், ஒரு நடிகரை அறிமுகம் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு, நடிகரைவிட இயக்குநரின் கை ஓங்கியிருக்கும் படத்தைக் கொடுத்தது என் தப்பு. மேலும் மற்ற மூன்றைப் போல நெட்பிளிக்ஸைத் திறந்ததும் பார்த்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், இதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

அடுத்தது கேட். இதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். பல்விந்தர் சிங் ஜன்ஜுவா உருவாக்கிய எட்டு எபிசோட் தொடர். தீவிரவாதக் காலத்தில் போலீசுக்குத் தகவல் கொடுத்த உளவாளிகளைப் பஞ்சாபில் 'கேட்' என்பார்கள். அப்படி இருந்த குர்நாம் சிங், வருடங்கள் கழித்துத் தம்பியைக் காப்பாற்றுவதற்காகப் போதை மருந்துக் கும்பலுக்குள் திரும்பவும் உளவாளியாகப் போகிறான். குர்நாமாக ரன்தீப் ஹூடா. அவனைக் கையாளும் போலீஸ் அதிகாரி சேதாப் சிங்காக சுவிந்தர் விக்கி. தொடர் ஹூடாவுடையது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு காரணத்துக்காக இது இந்தப் பட்டியலில் இருக்கிறது: ஜோகிந்தராக எந்த யுகத்தின் பயத்தைச் சுமந்தாரோ, அதே யுகத்தின் மறுபக்கத்து ஆளாக இதில் வருகிறார். ஒருவனின் உயிரை வைத்துக் காய் நகர்த்துகிறவர், அதே சமயம் அவனிடம் பாசமாகவும் பேசுகிறவர். அந்தப் பாசம் நிஜமா வேலைக்காகவா என்று கடைசிவரை நமக்குப் பிடிபடாத மாதிரி செய்திருக்கிறார். கும்பல் சண்டை, அரசியல், போதை மருந்து என்று கதை எல்லா பக்கமும் ஓடுவதால், நடிகரை மட்டும் பார்க்க விரும்புகிறவருக்கு எட்டு எபிசோட் அதிகம். மற்ற மூன்றையும் பார்த்து முடித்து, இன்னும் வேண்டும் என்று தோன்றினால் பாருங்கள்.

உண்மையான போட்டி மீல் பத்தருக்கும் கோஹ்ராவுக்கும்தான்.

கோஹ்ராவை ஆதரித்துப் பேசுவது சுலபம். ஆறே எபிசோட், ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். சுதிப் சர்மா, குஞ்சித் சோப்ரா, டிக்கி சிசோடியா சேர்ந்து உருவாக்க, ரன்தீப் ஜா இயக்கியது. கல்யாணத்துக்குச் சில நாள் இருக்கும்போது, லண்டனிலிருந்து வந்த மாப்பிள்ளை வயலில் பிணமாகக் கிடக்கிறான், கூட வந்த வெள்ளைக்கார நண்பனைக் காணவில்லை. தலைப்பின் பொருள் மூடுபனி, பஞ்சாபின் குளிர்கால மூடுபனி தொடர் முழுக்க இருக்கிறது. விசாரிக்க வருகிற போலீஸ்காரர் பல்பீர் சிங்தான் சுவிந்தர் விக்கி, அவருக்குத் துணையாக வரும் அமர்பால் கருண்டியாக பருண் சோப்தி. கொலை செய்தது யார் என்ற கேள்வி நம்மை இழுத்துக்கொண்டு போகும், அதனால் பழக்கமில்லாதவரும் பாதியில் எழுந்து போக மாட்டார். எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் சுவிந்தர் விக்கி அறிமுகமானது இதில்தான், எனக்கும்தான்.

பல்பீர் நல்லவர் இல்லை. விசாரணை அறையில் கை நீட்டுகிறவர். வீட்டில் மகள் நிம்ரத், கணவனை விட்டுவிட்டுத் தன் குழந்தையோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளைத் திரும்ப அனுப்பிவிட வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருக்கிறார். அம்மா இறந்துபோனதற்கு அப்பாதான் காரணம் என்ற ஆத்திரம் மகளுக்கு. நிம்ரத்தாக ஹர்லீன் சேத்தி நடித்திருக்கிறார், இவர்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும் காட்சிகள்தான் என்னைப் பொறுத்தவரை தொடரின் உயிர். கொலை விசாரணையைவிட அதிகமாக நான் காத்திருந்தது அதற்குத்தான். ஸ்டேஷனில் ஒரு பார்வையால் ஆட்களை நடுங்க வைக்கிற மனிதர், மகள் முன்னால் வாயைத் திறந்தால் எதைச் சொன்னாலும் தப்பாகவே வருகிறது. அதட்டத் தெரியும், கெஞ்சத் தெரியாது. கெஞ்ச வேண்டிய இடத்திலும் அதட்டலே வருகிறது, வந்த உடனே அவருக்கே அது தெரிந்துவிடுகிறது, ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கத் தெரியவில்லை. நம் ஊரிலும் இப்படி எத்தனை அப்பாக்களைப் பார்த்திருக்கிறோம்.

ஜோகிந்தரையும் பல்பீரையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் இந்த நடிகரின் வீச்சு எவ்வளவு என்று புரிகிறது. இரண்டுமே தாடி வைத்து, தலைப்பாகை கட்டிய, கொஞ்சமாகப் பேசுகிற பஞ்சாபி ஆண்கள். வெளித் தோற்றத்தில் பெரிய மாற்றம் எதுவும் கிடையாது, குரலை மாற்றவில்லை, நடிகர் என்று காட்டிக்கொள்ளும் எந்த வேலையும் செய்யவில்லை. ஒருவர் அதிகாரத்தின் முன்னால் கை கட்டி நிற்கிறவர், இன்னொருவர் அந்த அதிகாரமே. ஜோகிந்தர் பேசாமல் இருப்பது பேசினால் ஆபத்து என்பதால். பல்பீர் பேசாமல் இருப்பது பேச வேண்டிய தேவையே இத்தனை வருடம் வராததால். அதே உயரம், அதே தோள், முன்னதில் ஒடுங்கியிருக்கிறது, பின்னதில் அறையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. உடம்பை ஏற்றி இறக்கி, முடியை மழித்து, மேக்கப் போட்டுக் காட்டும் மாற்றத்தைத்தான் வீச்சு என்று நாம் பழகிவிட்டோம். இந்த மாதிரி மாற்றத்துக்கு விருது மேடைகளில் கைதட்டல் குறைவாகவே கிடைக்கும், அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அப்படியானால் கோஹ்ராவிலேயே ஆரம்பித்துவிடலாமே என்பீர்கள். இங்கேதான் எனக்குத் தயக்கம். கோஹ்ராவை முதல் முறை பார்க்கும்போது நான் கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் அப்பா, அப்பாவின் சகோதரர் குடும்பம், சொத்து, காதல், லண்டன் என்று யார் மேல் சந்தேகப்படுவது என்பதிலேயே கவனம் போய்விட்டது. சுவிந்தர் விக்கி செய்த பாதி விஷயங்களை நான் கவனிக்கவே இல்லை, இரண்டாவது முறை பார்த்தபோதுதான் அவை கண்ணில் பட்டன. இன்னொன்று, தொடரில் பருண் சோப்தியும் அபாரமாகச் செய்திருக்கிறார். இளையவர், துள்ளலானவர், அவருக்கும் ஒரு வீட்டுப் பிரச்சினை. கண் அவர் பக்கம்தான் முதலில் போகும். அப்புறம் ஒரு நடைமுறை விஷயம்: வன்முறையும் பாலுறவும் வெளிப்படையாகவே இருக்கின்றன, ஆரம்பக் காட்சியே அப்படித்தான். அப்பா அம்மாவோடு ஹாலில் உட்கார்ந்து போட்டுவிடாதீர்கள்.

மீல் பத்தருக்கு வருகிறேன். ஐவன் அய்ர் இயக்கியது, தலைப்புக்கு மைல்கல் என்று பொருள். 2020இல் வெனிஸ் விழாவின் ஒரிஸோந்தி பிரிவில் திரையிடப்பட்டது. ஐந்து வருடம் முன்னால் விசாரணை போட்டியிட்டதும் அதே பிரிவில்தான். சுமார் ஒன்றரை மணி நேரம். காலிப் என்ற லாரி டிரைவர், கம்பெனியிலேயே முதல் ஆளாக ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓட்டி முடித்திருக்கிறார். மனைவி இறந்துவிட்டாள். அவள் சிக்கிமைச் சேர்ந்தவள், அவளுடைய அப்பாவும் தங்கையும் இழப்பீடு கேட்டு வந்திருக்கிறார்கள், ஊர்ப் பஞ்சாயத்து கூடுகிறது. லோடு ஏற்றும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இருப்பதால் காலிப் தானே மூட்டை தூக்க வேண்டி வருகிறது, முதுகு பிடித்துக்கொள்கிறது. இதற்கு நடுவில் பாஷ் என்று ஒரு பையனைத் தொழில் கற்றுக்கொள்ள இவரோடு அனுப்புகிறார்கள். கற்றுக்கொடுத்தால் தன் இடத்துக்கே அவன் வந்துவிடுவான் என்று காலிப்புக்குத் தெரியும். அந்தப் பையனுக்கும் வேறு பிழைப்பு இல்லை. காலிப், பாஷ் இரண்டுமே கவிஞர்களின் பெயர்கள், ஒருவர் உருது, ஒருவர் பஞ்சாபி. கவிஞர்களின் பெயரைச் சுமந்துகொண்டு இரண்டு லாரிக்காரர்கள் ஒரு கேபினுக்குள் பேச்சில்லாமல் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

இந்தப் படத்தில் சுவிந்தர் விக்கியைத் தவிர பார்க்க வேறெதுவும் இல்லை, இதைக் குறையாகச் சொல்லவில்லை. நீளமான ஷாட்டுகள், பனி படிந்த அதிகாலை, முன்னால் ஓடும் சாலை, பக்கத்தில் அவர் முகம். கொலையாளி கிடையாது, கண்டுபிடிக்க எதுவும் கிடையாது. அதனால் நம் கண் தானாகவே அவருடைய கை, கழுத்து, மூச்சு என்று போகிறது. முதுகு வலியை அவர் செய்திருக்கும் விதம் மட்டும் தனியாக ஒரு பக்கம் எழுதலாம். வலி என்றால் முகம் சுளிப்பது, இடுப்பில் கை வைப்பது என்றுதான் சினிமாவில் பார்த்திருக்கிறோம். இவர் வலியை மறைக்கிற ஆளாக நடிக்கிறார். வலி இருப்பது தெரிந்தால் வேலை போய்விடும், கண் பார்வை மங்கிய நண்பருக்கு அப்படித்தான் போயிருக்கிறது. அதனால் மற்றவர்கள் பார்க்கும்போது ஒரு உடம்பு, யாரும் பார்க்காதபோது இன்னொரு உடம்பு.

என் மாமா நாமக்கல்லில் லாரி ஓட்டினவர், இப்போது ஓட்டுவதில்லை. ஒருநாள் ராத்திரி நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றவர், உட்காராமலேயே கடைசிவரை நின்று பார்த்தார். பாஷை புரியவில்லை, ஆங்கில சப்டைட்டிலும் படிக்க மாட்டார். முடிந்ததும், "அந்த ஆளு கேபின்லேர்ந்து இறங்குறதப் பாத்தியா, எல்லாத்துக்கும் மொத ஒரு நொடி காத்திருக்கான்" என்றார். அதற்கப்புறம் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். அந்த ஒரு நொடியில் உடம்பிடம் அனுமதி கேட்கிற மாதிரி ஒரு நிதானம் இருக்கிறது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவருக்கு அது ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது, எனக்கு மூன்று தடவை பார்த்தும் தெரியவில்லை.

இப்போது வளர்ச்சி என்ற விஷயம். ஒரு நடிகர் வளர்ந்தார் என்று சொல்லும்போது, சின்ன வேடத்திலிருந்து பெரிய வேடத்துக்கு, அமைதியான நடிப்பிலிருந்து ஆர்ப்பாட்டமான நடிப்புக்கு வந்தார் என்ற பொருளில்தான் பெரும்பாலும் சொல்கிறோம். இவரிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. 2015இல் இருந்த அதே அடக்கம்தான் 2023லும் இருக்கிறது. மாறியது வேறு. சௌத்தி கூட்டில் அந்த மௌனத்தைத் தந்தது இயக்குநர். படமே மௌனமாக இருந்தது, நடிகர் அதற்குள் நின்றால் போதும். மீல் பத்தரில் இயக்குநர் நேரத்தைக் கொடுத்தார், ஒரு ஷாட் இரண்டு மூன்று நிமிடம் ஓடும்போது மௌனத்தை மெல்ல மெல்லக் கட்டி எழுப்ப இடம் இருந்தது. கோஹ்ராவில் இந்த இரண்டு வசதியும் கிடையாது. அது வேகமாக வெட்டி வெட்டிப் போகிற துப்பறியும் கதை, ஒரு முகத்தின் மேல் கேமரா நான்கைந்து நொடிதான் நிற்கும், அடுத்த சந்தேக ஆளுக்குப் போய்விடும். அந்த நான்கு நொடிக்குள் மீல் பத்தரில் மூன்று நிமிடத்தில் செய்ததைச் செய்கிறார். தன்னுடைய மௌனத்தைத் தானே கூடவே எடுத்துக்கொண்டு வருகிறார், படம் கொடுக்கும் என்று காத்திருப்பதில்லை. இதைத்தான் நான் அவருடைய வளர்ச்சி என்பேன். வரிசையாகப் பார்த்தால் மட்டுமே இது தெரியும், கோஹ்ராவில் மட்டும் பார்த்தவருக்கு "நல்லா பண்ணிருக்கார்" என்பதோடு நின்றுவிடும்.

அதனால் வெளிவந்த வருட வரிசையிலேயே பார்த்துவிடலாமே என்றால், முதலிலேயே சௌத்தி கூட் வந்து வழியை மறிக்கும், மேலே சொன்ன காரணங்கள்தான். தலைகீழாக, கோஹ்ராவிலிருந்து பின்னோக்கிப் போனால் இன்னொரு சிக்கல்: வேகமான தொடரைப் பார்த்துவிட்டு அந்த எதிர்பார்ப்போடு மீல் பத்தரில் உட்கார்ந்தால் "எப்போ ஏதாவது நடக்கும்?" என்று கை பரபரக்கும். நானே அப்படித்தான் பார்த்தேன், மீல் பத்தரை முதல் தடவை இரண்டு நாளாகத் துண்டு துண்டாகப் பார்த்துக் கெடுத்துக்கொண்டேன்.

என் முடிவு இது. பெரும்பாலானவர்களுக்கு, அதாவது மெதுவான படங்களைக் கொஞ்சமாவது பார்த்துப் பழகியவர்களுக்கு, முதலில் மீல் பத்தர். ஒன்றரை மணி நேரம்தான், ஒரே மூச்சில் பார்க்க வேண்டும், ராத்திரி வீடு அடங்கினபிறகு பார்த்தால் இன்னும் நல்லது. அந்த முகம் மனதில் பதிந்தபிறகு கோஹ்ராவுக்குப் போங்கள். அப்போது கொலையாளியைத் தேடிக்கொண்டிருந்தாலும் ஒரு கண் பல்பீர் மேலேயே இருக்கும், காலிப்பின் களைப்பு பல்பீரிடம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடுவீர்கள். கடைசியாக சௌத்தி கூட். ஸ்டேஷனில் ஆட்களை அடித்த கையைப் பார்த்துவிட்டு, அதே கை முற்றத்தில் ஒரு நாயின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பதைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும். முன்னால் இருபதாவது நிமிடத்தில் எழுந்து போனாரே, அந்த நண்பரை இந்த வரிசையில் திரும்ப உட்கார வைத்தேன். இந்த முறை எழுந்திருக்கவில்லை, முடிந்தபிறகு கொஞ்ச நேரம் பேசவும் இல்லை.

மெதுவான படமே ஆகாது, தூக்கம் வந்துவிடும் என்பவர்கள் தயங்காமல் கோஹ்ராவில் ஆரம்பிக்கலாம், அதில் எந்தக் குறைவும் இல்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முடித்தபிறகு ஒரு மாதம் விட்டு, கொலையாளி யார் என்ற கேள்வி இல்லாத நிலையில், நிம்ரத்தும் பல்பீரும் வரும் காட்சிகளை மட்டும் இன்னொரு முறை பாருங்கள்.

மாறாக, பஞ்சாபின் அந்தக் காலத்து வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்கள், சிறுகதைகள் படிக்கிறவர்கள், உலக சினிமா விழாக்களுக்குப் போகிறவர்கள் சௌத்தி கூட்டையே முதலில் எடுக்கலாம். உங்களுக்கு அது சிரமமாக இருக்காது, ரயில் கார்டு பெட்டிக் காட்சியிலேயே உள்ளே போய்விடுவீர்கள். பிறகு நேராக கோஹ்ரா. விவசாயியையும் போலீஸ்காரரையும் இடைவெளி இல்லாமல் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குத்தான் கிடைக்கும், அந்த விஷயத்தில் உங்கள் வரிசை என் வரிசையைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன்.

எந்த வரிசையாக இருந்தாலும் மூல ஒலியில் பாருங்கள். சுவிந்தர் விக்கியின் குரல் அடித்தொண்டையிலிருந்து வருவது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பாதி விழுங்கிவிடுவார். 'புத்தர்' (பஞ்சாபியில் 'பிள்ளை' என்று பாசமாகக் கூப்பிடும் சொல்) என்று மகளையோ இளைய ஆளையோ கூப்பிடும்போது அந்த ஒரு சொல்லிலேயே பாசமா, எச்சரிக்கையா, களைப்பா என்று தெரிந்துவிடும். டப்பிங்கில் யார் எவ்வளவு நன்றாகப் பேசியிருந்தாலும் அது போய்விடும். பாஷை புரியாத என் மாமாவுக்கே படம் புரிந்தது, சப்டைட்டிலோடு பார்க்கும் நமக்கு ஒரு கஷ்டமும் இருக்காது.